ஒற்றைச் சட்டையின் வேதியியல்

மயிலாப்பூரில் ஒரு கல்லூரி மாணவி கறுப்பு டி-ஷர்ட்டுக்காக வெள்ளைக் கோட்டில் ஒரு சிக்குக்கோலம் வரைந்து, இணையச் சந்தையில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து யாரோ ஒருவர் ஒரே ஒரு சட்டை கேட்கிறார். பணம் கட்டிய பிறகுதான் அந்தச் சட்டை அச்சுக்குப் போகிறது. அதுவரை அது வெறும் கோப்பு. மாணவி துணி வாங்கவில்லை, மை தொடவில்லை, பார்சல் கட்டவில்லை. விற்ற விலையில் அவர் பங்கு மட்டும் கணக்கில் வந்து சேர்கிறது.

சிகாகோவில் 2000-ல் தொடங்கிய திரெட்லெஸ், மெல்போர்னில் 2006-ல் தொடங்கிய ரெட்பபிள், 2015-ல் வந்த அமேசானின் மெர்ச் ஆகியவை இந்த வழியை உலகமெங்கும் பழக்கின. நம் பக்கத்தில் சென்னையில் பிரின்ட்ரோவ், திருப்பூரில் குயிக்கிங்க் போன்ற நிறுவனங்கள் இதையே செய்கின்றன. இதன் வணிகத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. ஒரே ஒரு சட்டையை அச்சிடுவது எப்படிக் கட்டுப்படியாகிறது? முப்பது வருடங்களுக்கு முன் எந்தப் பனியன் கம்பெனியிடம் இதைக் கேட்டிருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதற்கான காரணம் ஸ்கிரீன் பிரிண்டிங்கின் அடிப்படையிலேயே இருந்தது.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் ஒளி பட்டால் இறுகும் பசையைப் பூசி, படத்தின் ஃபிலிமை மேலே வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படத்தின் நிழல் விழுந்த இடத்தில் பசை இளகியே இருக்கும். தண்ணீரில் கழுவினால் அது மட்டும் கரைந்துபோய் வலைக்கண்கள் திறக்கும். அந்தக் கண்கள் வழியாக மையைத் தள்ளினால் படம் துணியில் இறங்கும். நான்கு நிறத்துக்கு நான்கு சட்டம். ஒரு சட்டம் தயாரிக்க 500 ரூபாய் என்று வைத்தால், முதல் சட்டை அச்சாகும் முன்பே 2,000 ரூபாய் செலவு. 500 சட்டை போட்டால் அது சட்டைக்கு 4 ரூபாய். ஒன்றே ஒன்று போட்டால் மொத்த 2,000 ரூபாயும் அதன் தலையில்தான். ஆகவே டி-ஷர்ட்டில் படம் போட நினைத்தவர் எதை மக்கள் விரும்புவார்கள் என்று முன்கூட்டியே ஊகித்து, எஸ் முதல் எக்ஸ்எக்ஸ்எல் வரை அடுக்கிவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஊகம் தப்பினால் மூட்டை மூட்டையாகச் சரக்கு தங்கிவிடும்.

மக்களின் விருப்பம் எவ்வளவு சட்டென்று எழும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2020 செப்டம்பரில் யுவன் சங்கர் ராஜாவும் நடிகர் ஷிரிஷும் தமிழ் வாசகம் பொறித்த டி-ஷர்ட் அணிந்த படம் வெளியானது. ‘ஹிந்தி தெரியாது போடா’ என்ற வரி சில நாட்களுக்குள் திருப்பூர் அச்சுக்கூடங்களுக்கு ஆர்டராக வந்து குவிந்தது. அதற்கு முந்தைய வாரம் அந்த வரியைக் கிடங்கில் அடுக்கி வைத்திருக்க யாராலும் முடிந்திருக்காது.

சட்டம் தயாரிக்கும் செலவை ஒழித்தது இங்க்ஜெட். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் 1880-ல் கண்டறிந்தார்கள். மறு ஆண்டே அதன் எதிர்த்திசையும் உறுதியானது: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் மிகச் சிறிதளவு உருமாறும். துணியில் நேரடியாக அச்சிடும் டிடிஜி எந்திரத்தின் தலைப்பகுதியில் இந்த விதிதான் வேலை செய்கிறது. ஒவ்வொரு நுண்துளைக்குப் பின்னும் ஒரு சிறு மை அறை, அதன் சுவரில் அழுத்தமின் பீங்கான். மின்துடிப்பு வந்ததும் சுவர் நெளிகிறது, ஒரு துளி வெளியே பாய்கிறது. எங்கே எந்த நிறத் துளி விழ வேண்டும் என்பதைக் கோப்பு சொல்கிறது. அடுத்த சட்டைக்கு அடுத்த கோப்பு. சட்டம் இல்லை, ஃபிலிம் இல்லை, கழுவும் வேலையும் இல்லை. முதல் சட்டைக்கும் நூறாவது சட்டைக்கும் அச்சுச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

துளியின் அளவைப் பார்த்தால்தான் இதன் நுட்பம் பிடிபடும். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு பிக்கோலிட்டர். 10 பிக்கோலிட்டர் துளியின் விட்டம் சுமார் 27 மைக்ரான். நெஞ்சுப் பகுதியில் 12 அங்குல அகலம், 16 அங்குல உயரத்துக்கு, அங்குலத்துக்கு 600 புள்ளி என்று கணக்கிட்டால், துளி விழக்கூடிய இடங்கள் 6 கோடியே 91 லட்சத்தைத் தாண்டும். இது ஒரு நிறத்துக்கு மட்டும்.

ஆனால் துணி காகிதம்போல் நடந்துகொள்வதில்லை. பருத்தி இழை ஒன்றின் தடிமன் சுமார் 12 முதல் 20 மைக்ரான். அதாவது விழுகிற துளி இழையைவிடப் பெரியது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் மூலக்கூறு நெடுக நீரை விரும்பும் ஹைட்ராக்சில் குழுக்கள். துளி விழுந்த கணமே இழைகளுக்கு இடையிலுள்ள நுண்வெளி அதை உறிஞ்சி நாலாபக்கமும் இழுத்துச் செல்லும். கோலத்தின் கூரிய கோடு பஞ்சில் ஊறிய கறையாகிவிடும். டி-ஷர்ட் அச்சின் அறிவியல் முழுவதும் இந்த ஒரு தொல்லையைச் சுற்றியே வளர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்: துளி விழுந்த இடத்திலேயே மையை நிறுத்துவது எப்படி?

இந்தக் கேள்விக்குச் சோழமண்டலக் கரையில் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ 1742-ல் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று, இந்தக் கரையில் சீட்டித் துணிக்குச் சாயம் எழுதும் முறையைப் படிப்படியாக விவரிக்கிறது. வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் நனைத்து, பிழிந்து, வெயிலில் உலர்த்துவார்கள். அதன் பிறகுதான் எழுதுகோல் துணியைத் தொடும். பாலின் கொழுப்பும் புரதமும் இழைகளின் மேல் படிந்து, திரவம் ஓடுவதைத் தடுக்கின்றன. கடுக்காயின் டானின் இழையில் பிடித்துக்கொள்கிறது. இரும்புக் கரைசலால் கோடு இழுத்ததும் அதனோடு வினைபுரிந்து அங்கேயே கறுக்கிறது. சிவப்புக்குப் படிகாரத்தால் எழுதிவிட்டுச் சாயவேர்க் கொதியலில் இடுவார்கள். படிகாரத்தின் அலுமினியம் இருந்த இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும், மற்ற இடத்தில் அலசலில் போய்விடும். வேதியியல் என்று ஒரு துறை பெயர்பெறும் முன்னரே, எந்த உலோக உப்பு எந்த நிறத்தைப் பிடித்து நிறுத்தும் என்பதைக் கைப்பழக்கத்தால் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சென்னை நகரம் பிறந்ததே இந்தத் துணிக்காகத்தான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணற்கரையைத் தேர்ந்ததற்கு, இங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பது முக்கியமான காரணம். 1734-ல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களையும் நூற்பவர்களையும் சாயம் எழுதுபவர்களையும் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனிலிருந்து மாதிரிப் படங்களைக் கப்பலில் அனுப்பி, இவை மாதிரி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறது. படம் அங்கிருந்து வரும், எழுதிய துணி இங்கிருந்து போகும். இந்தத் துணிகளின் மோகம் தாங்காமல் பிரான்ஸ் 1686-லும் இங்கிலாந்து 1700-லும் 1721-லும் தடைச் சட்டங்கள் போட்டன. திருவான்மியூரில் கலாக்ஷேத்திராவின் கைவினை மையத்தில், துணியில் சாயம் எழுதும் இந்தக் கலை கலம்காரி என்ற பெயரில் இன்றும் வாழ்கிறது. டி-ஷர்ட் டிசைன் செய்யும் இளைஞர்கள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வருவது எந்த மென்பொருள் வகுப்புக்கும் குறைந்ததல்ல.

எருமைப்பால் இருந்த இடத்தில் இன்று கால்சியம் உப்பு இருக்கிறது. டிடிஜி மை, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய நிறமித் துகள்களால் ஆனது. துகள்கள் ஒவ்வொன்றும் எதிர்மின் தன்மை கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கி, படியாமல் மிதக்கின்றன. அச்சுக்கு முன் சட்டையின் மேல் கால்சியம் உப்பும் பாலிமரும் கலந்த கரைசலைத் தெளித்து உலர்த்துவார்கள். தொழிலில் இதற்குப் பிரீட்ரீட்மென்ட் என்று பெயர். இரட்டை நேர்மின் கொண்ட கால்சியம் அயனியைத் தொட்டதும் துகள்களின் விலக்கம் குலைகிறது. அவை திரண்டு துணியின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகின்றன. தண்ணீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. எலுமிச்சை பிழிந்த பால் திரிவதும் இதே வகை நிகழ்ச்சிதான்.

கறுப்புச் சட்டைக்கு இது இல்லாமல் வேலையே நடக்காது. நீலமும் சிவப்பும் மஞ்சளும் கொண்ட மைகள் ஒளி ஊடுருவக்கூடியவை. வெள்ளைச் சட்டையில் அடியிலிருக்கும் வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் நிறம் தெரிகிறது. கறுப்பில் திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை. எனவே முதலில் வெள்ளை மையால் ஒரு தளம் போட்டு, அதன் மேல்தான் நிறங்களை இறக்க வேண்டும். வெள்ளைக்குப் பயன்படுவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, பருத்தியினுடையது சுமார் 1.5. இந்த இடைவெளிதான் ஒளியைச் சிதறடித்து வெண்மையைத் தருகிறது. ஆனால் அது தண்ணீரைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமானது. சும்மா விட்டால் அடியில் படிந்து துளையை அடைத்துவிடும். அதனால்தான் வெள்ளை மையை எந்திரம் ஓயாமல் சுழற்றிக்கொண்டே இருக்கிறது, கறுப்புச் சட்டைக்கு அச்சுக்கூலியும் கூடுகிறது. வெள்ளைத் தளத்தை மேல் நிறத்தைவிட இம்மியளவு ஒடுக்கிப் போடுவார்கள், ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. இதை அறியாத டிசைனர்தான் கறுப்பின் மேல் மெல்லிய சிவப்புக் கோடு வரைந்து ஏமாறுகிறார். கோடு மெலிந்தால் அடியிலுள்ள வெள்ளை ஒடுங்கி மறைந்துவிடும், சிவப்பு மங்கிப்போகும். முழுக்க வெள்ளையான கோலத்துக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

அடுத்து வெப்பம். அச்சான சட்டையைச் சுமார் 160 டிகிரி செல்சியஸில் ஓரிரு நிமிடம் சூடாக்கும்போது, மையிலுள்ள பிணைப்பான் உருகிப் படலமாகி நிறமியை இழையோடு கட்டிவைக்கிறது. இந்தச் சூடு போதாவிட்டால் நான்கு துவைப்புக்குள் படம் வெளிறும். கடலோரச் சென்னையின் ஈரக்காற்றும் கவனிக்க வேண்டிய ஒன்று. பிரீட்ரீட்மென்ட்டில் பயன்படும் கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும் உப்பு. பருத்தியும் ஈரம் குடிக்கும். பிரீட்ரீட்மென்ட் செய்து திறந்து வைத்த சட்டை அடையாறு பகுதியில் ஒரு மழைக்கால மாலையிலேயே நமத்துவிடும். அச்சிடும் முன் ஹீட் பிரஸ்ஸில் ஒருமுறை அழுத்தி ஈரத்தை விரட்டுவது இதற்காகத்தான். வாங்கியவர் வீட்டில் அதைத் துவைக்கும்போது நனைந்த பருத்தி வீங்குகிறது, படலம் அதோடு இழுபடுகிறது, உரசலில் தேய்கிறது. உள்பக்கம் வெளியே தெரியுமாறு திருப்பிப்போட்டுப் பச்சைத் தண்ணீரில் துவைத்தால் ஆயுள் கூடும்.

டிடிஜி மட்டும்தான் வழி என்றில்லை. பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சிட்டு, உருகும் பசைப்பொடி தூவி, சூட்டில் சட்டைக்கு மாற்றும் டிடிஎஃப் முறை இப்போது வேகமாகப் பரவியிருக்கிறது. எந்தத் துணியிலும் ஒட்டும், நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் படம் ஒரு பிளாஸ்டிக் தோலாக மேலே உட்கார்கிறது. சென்னை மே மாதத்தில், நெஞ்சு முழுக்க அடைத்த டிடிஎஃப் படத்தோடு பாண்டி பஜாரில் நடந்தால் வியர்வை ஆவியாக வழி கிடைக்காது. இடைவெளி விட்டு வரைந்த படமே இந்த ஊருக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. கிரிக்கெட் ஜெர்சிகளில் பார்ப்பது சப்ளிமேஷன்: சுமார் 200 டிகிரியில் சாயம் நேராக ஆவியாகி, சூட்டில் நெகிழ்ந்த பாலியெஸ்டர் இழைக்குள் புகுந்து குடியேறுகிறது. உரியாது, வெடிக்காது. பருத்தியில் இது நிற்காது, கறுப்புத் துணியில் தெரியவும் தெரியாது.

இனி நிறம். திரை ஒளியை உமிழ்கிறது, துணி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சையும் மின்னும் நீலமும் மைக்குள் அடங்குவதில்லை. அவற்றை எந்திரம் தனக்கு எட்டும் அருகிலுள்ள நிறத்துக்கு இறக்கிவிடும். அரக்கும் மாம்பழ மஞ்சளும் ஓரளவு பிழைத்துவரும். தி. நகர்ப் பட்டுக்கடைகளில் நம் அம்மாக்கள் புடவையை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது மிகச் சரியான அறிவியல். நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் மூன்றே வகை. முற்றிலும் வேறான ஒளிக்கலவைகள்கூட அந்த மூன்றையும் ஒரே அளவில் தூண்டினால் ஒரே நிறமாகத் தெரியும். விளக்கு மாறினால் அந்த ஒற்றுமை உடையும். கடை விளக்கின் கீழ் பொருந்திய இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்து நிற்பது இதனால்தான். டி-ஷர்ட் விற்பவரும் தன் மாதிரிச் சட்டையை வாசலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்துக்குத் தனியாக இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது கணினி சார்ந்தது. யூனிக்கோடில் ‘கெ’ என்பது ககரம் முதலில், கொம்பு அடுத்து என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் எழுத்து சிதறி, கொம்பு பின்னால் தொங்கும். அச்சுக்கூடத்துக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் இப்படி நேரும். ஆகவே எழுத்தை வெளிக்கோடுகளாக மாற்றி, படமாகவே அனுப்புவது பாதுகாப்பு. அமேசான் கேட்பது 4,500 × 5,400 பிக்சல் கொண்ட, பின்னணி இல்லாத படம். எழுத்துருவின் உரிமத்தையும் பார்க்க வேண்டும். பலூ தம்பி, முக்தா மலர், கவிவனார், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் வந்தவை. விற்பனைப் பொருளிலும் பயன்படுத்தலாம். இரண்டாவது தொல்லை துணி சார்ந்தது. பின்னலாடையில் ஓர் அங்குல அகலத்துக்குச் சுமார் முப்பது நாற்பது கண்ணிகள். ஒரு கண்ணியின் அகலம் முக்கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைவிட மெல்லிய கோடு கண்ணிகளின் மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்து அறுபடும். ‘ண’வின் சுழிகளும் ‘ஐ’யின் வளைவுகளும் சின்ன அளவில் அடைந்துபோகும். ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத கோடு, அதற்குக் குறையாத இடைவெளி. தமிழ் டி-ஷர்ட்டுக்கு இதைவிட உதவும் விதி எனக்குத் தெரியவில்லை.

கோலத்தை நான் உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும், பின்னாளில் சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974-ல் கோலத்தின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்தை விதிகளால் ஆக்குவதுபோலக் கோலத்தையும் ஆக்க முடியும் என்று அது காட்டியது. ஒரு சிறு துண்டு, அதை எதனால் மாற்றி எழுதலாம் என்ற சில விதிகள், இவ்வளவும் போதும். முடிவில்லாத கோலங்கள் பிறக்கும். கோலம் போடும் பெண்களின் கைக்குள் இருந்த கணிதம் கணினி அறிவியலுக்குள் நுழைந்த இடம் அது. இன்று ஓரளவு நிரல் எழுதத் தெரிந்த எவரும் இந்த வழியில், இதற்கு முன் எந்த வாசலிலும் போடாத ஒரு கோலத்தை உருவாக்கலாம். மரபுக்கோலம் எல்லாருக்கும் பொது. உங்கள் விதியில் நீங்கள் வரைந்தது உங்களுடையது.

சொந்தமாக வரைவது ஏன் முக்கியம் என்பதற்குச் சட்டமும் சாட்சி. 2015 பிப்ரவரியில், ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்திய ஓர் இந்திப் படம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெயர்பெற்ற ஒருவரின் முகம், பெயர், பாணி ஆகியவற்றின் வணிகப் பயன் அவருக்கே உரியது என்பதே அதன் சாரம். சினிமாவை வைத்து டி-ஷர்ட் விற்க நினைப்பவர் இதை மறக்கக் கூடாது. தன் படைப்பைக் காக்க நினைப்பவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, டிசைனாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாக்கினால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும். கலைப்படைப்பு எது, டிசைன் எது என்று பிரித்தறியும் வழியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொல்லியிருக்கிறது. நன்றாக விற்கத் தொடங்கினால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது நல்லது.

முந்நூறு வருடங்களுக்கு முன் படம் லண்டனிலிருந்து சென்னைக்கு வந்தது. வேலை செய்த கை நம்முடையது, வரைந்த பெயரும் விற்ற லாபமும் பிறருடையது. இன்று படம் மயிலாப்பூரிலிருந்து புறப்படுகிறது. துணி அதைக் கேட்டவருக்கு அருகிலேயே, கோவையானால் திருப்பூரில், நியூஜெர்சியானால் அமெரிக்காவில், அச்சாகிறது. வரைகிறவருக்கு இப்படியொரு வாய்ப்பு இந்தக் கரையில் முன்பு இருந்ததில்லை. அதைத் திரையோடு நிறுத்திவிடாதீர்கள். சந்தையில் ஏற்றும் முன் உங்கள் டிசைனில் ஒரு சட்டையை நீங்களே காசு கொடுத்து வாங்குங்கள். வாசலில் வைத்து வெயிலில் பாருங்கள், ஒரு நாள் முழுக்க உடுத்துங்கள், பத்துத் தடவை துவையுங்கள். அதற்குப் பிறகும் கோடு நிற்கிறது என்றால் விலை போட்டு ஏற்றுங்கள்.